தெளிவுக் கனவு

தெளிவுக் கனவு என்பது, கனவு காண்பவர் தாம் காண்பது கனவே என்பதை அக்கனவு நிகழ்ந்துகொண்டிருக்கும்போதே அறிந்திருக்கும் கனவு ஆகும். இவ்வறிவு ஒன்றே இதன் வரையறை. கனவின் போக்கைத் தம் விருப்பப்படி மாற்றும் ஆற்றல் சிலருக்கு இதனுடன் சேர்ந்து வாய்க்கின்றது. எனினும் அது கட்டாயமான கூறு அன்று. கனவு எனத் தெளிவாக அறிந்தும், நிகழ்வனவற்றை வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பவர் காண்பதும் தெளிவுக் கனவே.

இத்தகைய கனவுகள் உண்டு என்பது நெடுங்காலம் ஐயத்திற்கு உரியதாகவே இருந்தது. கனவு கண்டவரின் கூற்றைத் தவிர வேறு சான்று இல்லாமையே இதற்குக் காரணம். 1975 முதல் 1981 வரையான ஆண்டுகளில், உறங்குபவர் தம் கண்ணசைவின் வழியாகக் கனவினுள் இருந்தே குறிகை அனுப்பும் ஆய்வுமுறை உருவான பின்னர் இந்நிலை மாறியது. இன்று தெளிவுக் கனவு உறக்க ஆய்வின் ஏற்கப்பட்ட பகுதியாக உள்ளது. அதனைப் பயிற்சியால் அடையவும் இயலும். ஆயினும் உறுதியாகப் பலன் தரும் முறை எதுவும் இன்றளவும் கண்டறியப்படவில்லை.

பெயர்

இக்கனவைக் குறிக்க இன்று உலகெங்கும் வழங்கும் பெயரைப் பரப்பியவர் நெதர்லாந்து நாட்டு உளமருத்துவரும் எழுத்தாளருமான ஃபிரெடெரிக் வான் ஈடன் (1860–1932) ஆவார். 1913 இல் வெளியிட்ட கட்டுரையில் அவர் இச்சொல்லைப் பயன்படுத்தினார். அங்கு "தெளிவு" என்பது காட்சியின் தெளிவைக் குறிப்பதன்று; அறிவின் தெளிவையே குறிக்கின்றது. மங்கலான காட்சிகளைக் கொண்ட கனவும் தெளிவுக் கனவாக இருக்கலாம். மிகத் துல்லியமான காட்சிகளைக் கொண்ட கனவு, அது கனவு என அறியப்படாதபோது, தெளிவுக் கனவு ஆகாது. தமிழில் இது விழிப்புணர்வுக் கனவு எனவும் சொல்லப்படுவது உண்டு.

வரலாறு

தொன்மைக் குறிப்புகள்

கனவைப் பற்றிய தம் நூலில் அரிசுட்டாட்டில், உறங்கும்போது தோன்றுவது கனவு மட்டுமே என உள்ளத்தில் ஒன்று அறிவிப்பது உண்டு எனக் குறிப்பிட்டுள்ளார். கி.பி. 415 அளவில் கிறித்தவ இறையியலாளர் அகத்தீனார் எழுதிய மடல் ஒன்றில், கார்த்தேசு நகர மருத்துவர் கென்னாடியசின் கனவு விவரிக்கப்படுகின்றது. கனவில் தோன்றிய இளைஞன் ஒருவன், அவருடைய உடல் இப்போது எங்கே உள்ளது எனக் கேட்கிறான். படுக்கையில் உள்ளது என அவர் விடை கூறுகிறார். உடலின் கண்கள் மூடியிருக்க, எக்கண்களால் என்னைக் காண்கிறாய் என இளைஞன் மீண்டும் வினவுகிறான். உடலின்றியும் உயிர் வாழும் என்பதை நிறுவவே இக்கதை சொல்லப்பட்டது. எனினும், கனவில் இருந்தபடியே தம் உடல் உறங்குவதை ஒருவர் அறிந்திருந்ததற்கு இது பழமையான பதிவு எனலாம்.

திபெத்தியப் பௌத்தத்தில் நாரோபாவின் ஆறு யோகங்களுள் ஒன்றாகக் கனவு யோகம் இடம்பெறுகின்றது. கனவைக் கனவென அறிதல் அதன் முதற்படி. நனவும் கனவைப் போன்றே நிலையற்றது என உணர்தல் அதன் நோக்கம்.

இந்திய மெய்யியலில் மாண்டூக்கிய உபநிடதம் நனவு, கனவு, ஆழ்ந்த உறக்கம், துரியம் என நான்கு நிலைகளைக் கூறுகின்றது. சைவ சித்தாந்தம் நனவு, கனவு, உறக்கம், பேருறக்கம், உயிர்ப்படக்கம் என ஐந்து அவத்தைகளைக் கூறுகின்றது. இவை உயிரின் அறிவுநிலைகளைப் பற்றிய பகுப்புகள். தெளிவுக் கனவை இவற்றுள் ஒன்றுடன் பொருத்திக் காட்டுதல் பொருந்தாது.

19 ஆம் நூற்றாண்டு முதல்

பிரான்சு நாட்டுச் சீனவியல் அறிஞரான ஹெர்வே டி செயின்ட் டெனிசு, சிறுவயது முதலே தம் கனவுகளைக் குறிப்பேட்டில் எழுதி வந்தார். கனவுகளையும் அவற்றை வழிநடத்தும் வழிகளையும் பற்றிய அவரது நூல் 1867 இல் ஆசிரியர் பெயரின்றி வெளியானது. ஓர் ஊரில் தங்கியிருந்த காலத்தில் மட்டும் ஒரு குறிப்பிட்ட நறுமணத்தை நுகர்ந்து பழகிய அவர், பின்னர் உறங்கும்போது அந்நறுமணத்தைத் தலையணையில் தெளிக்கச் செய்து, அவ்வூர் கனவில் வருகின்றதா எனச் சோதித்தார். ஒலி, மணம் போன்ற தூண்டல்களால் கனவை நெறிப்படுத்தும் இன்றைய ஆய்வுகளுக்கு இதனை முன்னோடி எனக் கொள்ளலாம்.

வான் ஈடன் தம் 1913 ஆம் ஆண்டுக் கட்டுரையில், 1898 முதல் 1912 வரை தாம் கண்ட 352 தெளிவுக் கனவுகளைப் பற்றிக் கூறினார். 1968 இல் பிரித்தானிய எழுத்தாளர் சீலியா கிரீன் வெளியிட்ட நூல் அதுவரை கிடைத்த விவரங்களைத் தொகுத்து ஆராய்ந்தது.

ஐயமும் சான்றும்

மறுப்புகள்

தெளிவுக் கனவை மறுத்தவர்கள் இரு வகையினர். முதல் வகையினர் அது கருத்தளவிலேயே முரணானது என்றனர். மெய்யியலாளர் நார்மன் மால்கம் 1959 இல் வெளியிட்ட நூலில், ஒருவர் உறங்கிக்கொண்டே "நான் உறங்குகிறேன்" எனத் தீர்மானித்தல் பொருளற்றது என வாதிட்டார். உறக்கம் என்பதே அறிவின்மை எனில், அறிவுடன் உறங்குதல் என்பது முரண்தொடர் ஆகிவிடும்.

இரண்டாம் வகையினர் உறக்க ஆய்வாளர்கள். தெளிவுக் கனவு கண்டதாகச் சொல்பவர்கள் பொய் கூறுகின்றனர் என இவர்கள் சொல்லவில்லை. உறக்கத்தின் இடையே சில நொடிகள் விழித்து, அவ்விழிப்பையே கனவின் பகுதியாகப் பின்னர் நினைவுகூர்கின்றனர் என்பது இவர்களின் விளக்கம். கனவு முடிந்த பிறகே அது கூறப்படுவதால், எக்கூற்றும் இவ்விளக்கத்தை வீழ்த்த இயலாத நிலை இருந்தது. கனவு நிகழும்போதே, வெளியிலிருந்து அளவிடத்தக்க சான்று ஒன்று தேவைப்பட்டது.

கண்ணசைவுக் குறிகை

அச்சான்றுக்கான வழி உறக்கத்தின் உடலியக்கத்திலேயே இருந்தது. 1953 இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தின் யூஜீன் அசெரின்சுகியும் நத்தானியேல் கிளைட்மனும் விரைவிழி அசைவு உறக்கத்தைக் கண்டறிந்ததாக அறிவித்தனர். தெளிவான காட்சிகளைக் கொண்ட கனவுகளுள் பெரும்பாலானவை இவ்வுறக்கத்தின்போதே தோன்றுகின்றன. அப்போது உடலின் பெரும்பாலான தசைகள் தளர்ந்து செயலற்று இருக்கும். கண்ணை அசைக்கும் தசைகள் இதற்கு விலக்கு. எனவே, கனவில் ஒருவர் இடமும் வலமும் பார்த்தால், மூடிய இமைகளுக்குள் அவருடைய கண்களும் அவ்வாறே அசையக்கூடும். அவ்வசைவை மின்வாய்களால் பதிவு செய்யலாம்.

இக்கருத்தை முதலில் செயற்படுத்தியவர் இங்கிலாந்தின் கீத் ஹேர்ன் ஆவார். 1975 ஏப்ரலில் ஹல் பல்கலைக்கழக ஆய்வகத்தில் உறங்கிய ஆலன் வொர்சிலி, தாம் கனவு காண்பதை உணர்ந்தவுடன், முன்னரே ஒப்புக்கொண்டபடி கண்களை இடவலமாகத் திரும்பத் திரும்ப அசைத்தார். வரைபடத்தில் அக்குறிகை ஐயத்திற்கு இடமின்றிப் பதிவாகியது. ஆயினும் இம்முடிவு அப்போது பரவலாக அறியப்படவில்லை.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஸ்டீஃபன் லபெர்ஜ் இதே முறையைத் தனியாக உருவாக்கினார். தம் முடிவுகளை இரண்டு முன்னணி அறிவியல் இதழ்கள் ஏற்க மறுத்ததாக அவர் பின்னர் எழுதியுள்ளார். 1981 இல் வேறோர் இதழில் அவை வெளியாயின. ஐந்து பேர் 34 இரவுகளில் 35 தெளிவுக் கனவுகளைக் கண்டதாகக் கூறினர். அவற்றுள் 30 இல் குறிகை அனுப்பியதாகத் தெரிவித்தனர். கனவு கூறப்பட்ட நேரத்தை அறியாத நடுவர் ஒருவர், வரைபடத்தை மட்டும் கொண்டு அக்குறிகைகளுள் 24 இன் இடத்தைச் சரியாகக் காட்டினார். தெளிவுக் கனவுகளுடன் தொடர்புடைய குறிகைகள் அனைத்தும் விரைவிழி அசைவு உறக்கத்தின்போதே நிகழ்ந்திருந்தன. அதாவது, குறிகை அனுப்பியவர் அந்நேரம் விழித்திருக்கவில்லை. குறுவிழிப்பு விளக்கம் இதனால் வலுவிழந்தது. மால்கம் கண்ட முரணும் உலகில் இருந்ததன்று, உறக்கத்திற்குக் கொடுக்கப்பட்ட வரையறையில் இருந்தது எனத் தெளிவாகியது.

இருவழி உரையாடல்

கண்ணசைவுக் குறிகை கனவிலிருந்து வெளியே வரும் ஒருவழிச் செய்தி. 2021 இல் அமெரிக்கா, பிரான்சு, செருமனி, நெதர்லாந்து ஆகிய நான்கு நாடுகளின் ஆய்வகங்கள் 36 பேருடன் இணைந்து இருவழி உரையாடலைச் சோதித்தன. கனவு காண்பவரிடம் ஒலி, ஒளி அல்லது தொடுகை வாயிலாக வினாக்கள் கேட்கப்பட்டன. எட்டில் ஆறு போக எவ்வளவு எனக் கேட்கப்பட்ட ஒருவர், இரண்டு எனக் கண்ணசைவால் விடை தந்தார். குறிகையால் உறுதி செய்யப்பட்ட தெளிவுக் கனவுகளின்போது கேட்கப்பட்ட 158 வினாக்களுள் 18.4 விழுக்காட்டிற்குச் சரியான விடை கிடைத்தது. தவறான விடை 3.2 விழுக்காடு. 17.7 விழுக்காட்டு விடைகள் தெளிவாக இல்லை. எஞ்சியவற்றுக்கு, அதாவது பாதிக்கும் மேலானவற்றுக்கு, விடையே இல்லை. விடை கிடைத்தவற்றின் எண்ணிக்கை குறைவே. ஆனால் தவறான விடைகளைவிடச் சரியான விடைகள் பன்மடங்கு கூடுதலாக இருந்தமையால், அவை தற்செயலாக அமைந்தவை எனக் கொள்வதற்கு இல்லை.

உடலியங்கியல்

கனவில் கழியும் காலம் நனவில் கழியும் காலத்துடன் பெரும்பாலும் ஒத்துள்ளது. கனவில் பத்து நொடிகளை எண்ணி, தொடக்கத்திலும் முடிவிலும் குறிகை அனுப்பச் செய்த சோதனைகளில், எண்ணுவதற்கு ஆன நேரம் நனவில் எண்ணுவதற்கு ஆகும் நேரத்தை ஒட்டியே இருந்தது. சில நொடிகளில் பல நாட்களின் கனவு வந்துபோகின்றது என்னும் பரவலான கருத்துக்கு இது மாறானது.

2011 இல் செருமானிய ஆய்வாளர்கள், கனவில் கையை மூடித் திறந்தவரின் மூளையைப் படமெடுத்தனர். நனவில் கையை இயக்கும்போது செயற்படும் பகுதியே அப்போதும் செயற்பட்டது. 2009 இல் வெளியான வேறோர் ஆய்வு, தெளிவுக் கனவின்போது மூளையின் முன்பகுதியில் 40 ஹெர்ட்சு அளவிலான மின்னலைகள் மிகுவதாகக் கூறி, அது உறக்கமும் விழிப்பும் கலந்த நிலை எனக் கருதியது. 2022 இல் வெளியான ஆய்வு இதனை மறுத்தது. கண்ணின் நுண்ணசைவுகள் அவ்வலைகளைப் போலப் பதிவாகக்கூடும் எனவும், தெளிவுக் கனவு செயற்பாடு மிகுந்த விரைவிழி அசைவு உறக்கமே எனவும் அது முடிவு செய்தது.

பரவல்

2016 இல் வெளியான தொகுப்பாய்வு ஒன்றின்படி, ஏறத்தாழ 55 விழுக்காட்டினர் வாழ்நாளில் ஒரு முறையேனும் தெளிவுக் கனவு கண்டுள்ளனர். ஏறத்தாழ 23 விழுக்காட்டினர் மாதத்திற்கு ஒரு முறையோ அதற்கு மேலோ காண்கின்றனர்.

பயிலும் முறைகள்

கனவுக் குறிப்பேடு

எல்லா முறைகளுக்கும் இதுவே அடிப்படை. விழித்தவுடன் உடலை அசைக்காமல் கனவை நினைவுக்குக் கொண்டுவந்து, உடனே எழுதிவிட வேண்டும். சில நிமிடங்களிலேயே கனவு மறந்துவிடும். இரண்டு, மூன்று வாரங்கள் எழுதியபின் படித்துப் பார்த்தால், திரும்பத் திரும்ப வரும் சில காட்சிகள் தென்படும். படிப்பை முடித்துப் பல ஆண்டுகள் ஆன பின்னும் தேர்வு எழுதுதல், இறந்துபோன உறவினருடன் பேசுதல், பேருந்தைத் தவறவிடுதல் என இவை ஆளுக்கு ஆள் வேறுபடும். இவை கனவுக் குறிகள் எனப்படும்.

நனவுச் சோதனை

பகலில் ஒரு நாளைக்குச் சில முறை, தாம் இப்போது காண்பது கனவா நனவா எனத் தம்மையே வினவிச் சோதித்துப் பழகுதல் இம்முறை. செருமானிய உளவியலாளர் பவுல் தோலி இதனை வளர்த்தெடுத்தார். வழக்கமான சோதனைகள் பின்வருமாறு:

- ஒரு வரியைப் படித்து, பார்வையை விலக்கி, மீண்டும் படித்தல். கனவில் எழுத்துகள் பெரும்பாலும் மாறிவிடும்.
- எண்முறைக் கடிகாரத்தை இருமுறை பார்த்தல்.
- மூக்கைப் பொத்திக்கொண்டு மூச்சுவிட முயலுதல். கனவில் மூச்சு தடைபடாது.
- கைவிரல்களை எண்ணிப் பார்த்தல்.

கிள்ளிப் பார்த்தல் நம்பத்தக்க சோதனை அன்று. கனவிலும் வலி தோன்றக்கூடும். சோதனையைப் பழக்கத்திற்காக மட்டும் செய்தால் பயனில்லை. "இது கனவாகவும் இருக்கலாம்" என ஒவ்வொரு முறையும் உண்மையாகவே ஐயுற வேண்டும்.

நினைவூட்டு முறை

லபெர்ஜ் வகுத்த இம்முறையின் படிகள்:

1. இரவின் பிற்பகுதியில் கனவிலிருந்து விழித்ததும், அக்கனவை முழுமையாக நினைவுகூர்தல்.
2. "அடுத்து நான் கனவு காணும்போது, அது கனவு என்பதை நினைவில் கொள்வேன்" என உளமார எண்ணுதல்.
3. அதே கனவினுள் மீண்டும் இருப்பதாகவும், ஒரு கனவுக் குறியைக் கண்டு தெளிவடைவதாகவும் கற்பனை செய்தல்.
4. உறக்கம் வரும்வரை இவ்விரண்டையும் திரும்பச் செய்தல்.

விழித்து மீண்டும் உறங்குதல்

விரைவிழி அசைவு உறக்கம் ஏறத்தாழ 90 நிமிடங்களுக்கு ஒரு முறை வருகின்றது. விடியலை நெருங்க நெருங்க அதன் நீளம் கூடுகின்றது. எனவே ஐந்து மணி நேரம் உறங்கியபின் எழுந்து, சிறிது நேரம் விழித்திருந்து, நினைவூட்டு முறையைச் செய்தபடி மீண்டும் உறங்குதல் சிறந்த பலனைத் தருகின்றது. 2017 இல் வெளியான ஆத்திரேலிய ஆய்வில், இம்மூன்று முறைகளையும் இணைத்துப் பயின்றவர்கள் ஏறத்தாழ 17 விழுக்காட்டு இரவுகளில் வெற்றி பெற்றனர். பயிற்சி முடிந்து ஐந்து நிமிடங்களுக்குள் உறங்கிவிட்டவர்களிடம் இவ்வளவு 46 விழுக்காடாக இருந்தது.

கனவை நிலைநிறுத்தல்

தொடக்கநிலையில் உள்ளவர்கள், தெளிவடைந்த மகிழ்ச்சியிலேயே விழித்துவிடுவது வழக்கம். கனவில் உள்ளங்கைகளைத் தேய்த்தல், நின்ற இடத்தில் சுழலுதல், அருகிலுள்ள பொருளைத் தொட்டு நோக்குதல் ஆகியவை கனவை நீட்டிக்க உதவும். விழித்துவிட்டதாகத் தோன்றுவதும் கனவாக இருக்கலாம். இது பொய் விழிப்பு எனப்படும். எனவே விழித்ததும் ஒரு நனவுச் சோதனை செய்தல் நலம்.

பயில்வோருக்கு எழும் ஐயங்கள்

"எனக்குக் கனவே வருவதில்லை." ஆய்வகத்தில் விரைவிழி அசைவு உறக்கத்தின்போது எழுப்பப்பட்டவர்களுள் பெரும்பாலானோர் கனவு கண்டதாகவே கூறியுள்ளனர். பொதுவாகக் குறைவது கனவன்று, நினைவே. குறிப்பேடு எழுதத் தொடங்கியபின் நினைவு பெரும்பாலும் கூடுகின்றது.

"தெளிவடைந்ததாகவே கனவு கண்டிருப்பேனோ?" பலருக்கும் எழும் வலுவான ஐயம் இது. ஆய்வகத்தில் குறிகை செய்த பணியை, வீட்டில் முன்கூட்டியே தீர்மானித்த ஒரு செயல் ஓரளவு செய்யும். உறங்குமுன் எளிய செயல் ஒன்றைத் தேர்ந்து எழுதிவைக்கலாம். வானத்தைப் பார்த்து ஐந்து வரை எண்ணுதல் ஓர் எடுத்துக்காட்டு. கனவில் அச்செயல் நினைவுக்கு வந்து, அதனைச் செய்தும் முடித்தால், நனவில் கொண்ட நோக்கம் கனவினுள்ளும் தொடர்ந்தது எனக் கொள்ளலாம். தம் உடல் எங்கே உறங்குகின்றது என்பது அப்போது நினைவில் இருந்ததா என்பதும் நல்ல அளவுகோல். இரண்டும் இல்லாதபோது, குறிப்பேட்டில் "உறுதியில்லை" என எழுதுவதே முறை.

"பல வாரங்கள் ஆகியும் பலனில்லை." மேலே கூறிய 17 விழுக்காடு என்பது, முறைகளை ஒழுங்காகப் பின்பற்றியவர்களுக்கும் ஆறு இரவுகளில் ஐந்து இரவுகள் வெறுமனே கழிந்தன என்பதைக் காட்டுகின்றது. அதுவரை வெளியான ஆய்வுகளைத் தொகுத்து 2012 இல் வந்த மதிப்பாய்வு, எந்த முறையும் ஒவ்வொரு முறையும் உறுதியாகப் பலன் தருவதில்லை என முடிவு செய்தது. எனவே பலன் கிட்டாமை பயில்பவரின் குறை எனவோ, தெளிவுக் கனவு பொய் எனவோ கொள்ள வேண்டியதில்லை.

"கனவு என அறிந்தும் பறக்க முடியவில்லை." அறிதலும் ஆளுதலும் வேறு. கனவில் நிகழ்வன பெரும்பாலும் கனவு காண்பவரின் எதிர்பார்ப்பையே பின்பற்றுகின்றன. விழுந்துவிடுவோம் என எண்ணுபவர் விழுகிறார்.

"கனவினுள் சிக்கிக்கொள்வோமா?" விரைவிழி அசைவு உறக்கம் தானாகவே முடிவுறும். தெளிவுக் கனவுகள் பெரும்பாலும் சில நிமிடங்களே நீடிக்கின்றன. நீட்டிப்பதே கடினம் என்பதே பயின்றோர் பலரின் பட்டறிவு.

பயன்கள்

கொடுங்கனவுகளால் அல்லலுறுவோருக்குத் தெளிவுக் கனவுப் பயிற்சி உதவக்கூடும். துரத்துவது கனவுருவே என அறிந்தவர் ஓடாமல் நின்று அதனை எதிர்கொள்ள முடிகின்றது. 2006 இல் வெளியான, 23 பேரைக் கொண்ட முன்னோடி ஆய்வு, இப்பயிற்சிக்குப் பின் கொடுங்கனவுகள் குறைந்ததாகக் கூறியது. ஆயினும் அனைவரும் தெளிவுக் கனவு கண்டுவிடவில்லை. கனவை மாற்ற இயலும் என்னும் நம்பிக்கையே சிலருக்குப் போதுமானதாக இருந்திருக்கலாம். அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2018 இல், கொடுங்கனவு நோய்க்குப் பயன்படுத்தத்தக்க முறைகளுள் ஒன்றாக இதனைச் சேர்த்தது. முதன்மையாகப் பரிந்துரைத்தது, கனவை நனவில் மாற்றி எண்ணிப் பழகும் வேறொரு முறையையே ஆகும்.

உடல்திறன்களைக் கனவில் பயிலுதலும் ஆராயப்பட்டுள்ளது. 2010 இல் வெளியான செருமானிய ஆய்வில், நாணயத்தைக் கோப்பைக்குள் எறிவதைத் தெளிவுக் கனவில் பயின்றவர்களின் திறன் மறுநாள் காலையில் கூடியிருந்தது. பங்குபெற்றோர் எண்ணிக்கை குறைவு என்பது கருதத்தக்கது.

எச்சரிக்கைகள்

- நள்ளிரவில் எழுந்து பயிலும் முறைகள் உறக்கத்தைக் கெடுக்கும். இவற்றை நாள்தோறும் செய்தல் கூடாது. உறக்கமின்மை உள்ளவர்கள் தவிர்த்தல் நலம்.
- சிலருக்கு விழிக்கும்போது உடலை அசைக்க இயலாத உறக்க வாதம் ஏற்படலாம். தமிழ்நாட்டில் "அமுக்குவான்" எனச் சொல்லப்படுவது இதுவே. தசைத் தளர்ச்சி நீங்குமுன் விழிப்பு வந்துவிடுவதால் இது நிகழ்கின்றது. அச்சம் தருமேயன்றிப் பொதுவாகத் தீங்கு விளைவிப்பதில்லை. சில நொடிகள் முதல் சில நிமிடங்களில் நீங்கிவிடும்.
- கனவையும் நனவையும் பிரித்தறிவதில் இடர்ப்படும் உளநோய் உள்ளவர்கள், மருத்துவரைக் கேளாமல் இதனைப் பயிலக் கூடாது.
- காலன்டமின் என்னும் மருந்து தெளிவுக் கனவைக் கூட்டுவதாக 2018 இல், 121 பேரைக் கொண்ட ஆய்வு காட்டியது. வெற்று மாத்திரை உண்ட இரவுகளில் 14 விழுக்காட்டினரும், 8 மில்லிகிராம் உண்ட இரவுகளில் 42 விழுக்காட்டினரும் தெளிவுக் கனவு கண்டனர். இது ஆல்சைமர் நோய்க்கு வழங்கப்படும் மருந்து ஆகும். பக்கவிளைவுகள் கொண்டது. தாமாக உட்கொள்ளத் தக்கதன்று.

இவற்றையும் பார்க்க

- கனவு
- உறக்கம்
- விரைவிழி அசைவு உறக்கம்
- உறக்க வாதம்
- கனவு யோகம்